ஏர் ஜாக்கி பாதியில் நிற்கிறது, தூக்கினாலும் இறங்குகிறது: எங்கிருந்து பார்ப்பது?

புதுவயலில் ரைஸ் மில் நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறார். டயர் மாற்றவும் பட்டா (அச்சின்மேல் வண்டியைத் தாங்கும் வில்) வேலைக்கும் 20 டன் ஏர் ஜாக்கி ஒன்று வாங்கியிருக்கிறார். காற்றில் ஓடும், கை நெம்புகோலாலும் அடிக்கலாம் என்கிற பாட்டில் வகை. மில்லில் ஓடும் கம்ப்ரசரிலிருந்தே காற்று எடுக்கிறார். காலி வண்டியைத் தூக்குகிறது. நெல் மூட்டை ஏற்றிய வண்டி என்றால் பின் அச்சைப் பாதி தூக்கி நின்றுவிடுகிறது. எப்படியோ தூக்கிவிட்டாலும் அரை மணி நேரத்தில் ஒரு விரல் அளவு இறங்கியிருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அண்ணே, பக்கவாட்டுல ஒரு திருகு இருக்கு, அதை அரைச் சுத்து டைட் வச்சா தூக்கிரும்" என்றாராம். ஆயில் குறைந்திருந்தால் கையில் இருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றலாமா என்பது கடைசிக் கேள்வி.

கடைசி இரண்டுக்கும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கூடாது, கூடாது.

அந்தத் திருகு ரிலீஃப் வால்வு. அளவுக்கு மேல் எடை ஏறினால் ஆயிலைத் தொட்டிக்கே திருப்பிவிடுவதற்காக, தயாரிக்கும் இடத்திலேயே அளவு பார்த்து மூடியோ பசையோ போட்டு அடைத்து வைத்திருப்பார்கள். ஜாக்கியின் உள்ளே எவ்வளவு அழுத்தம் வேலை செய்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டியைத் தூக்கும் தண்டின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் பரப்பு சுமார் 28 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் 20 டன் என்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 700 கிலோவுக்கு மேல். லாரி டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறக்குறைய எண்பது, தொண்ணூறு மடங்கு. அந்தத் திருகை அரைச் சுற்று இறுக்கினால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று அளந்து சொல்ல பட்டறையில் யாரிடமும் கருவி இருக்காது. சீல் பிய்ந்து போனால் அதிர்ஷ்டம். உடம்பு விரிசல் விட்டால் பக்கத்தில் நிற்பவர் கதி என்ன? மேலும், உங்கள் பழுது அந்தத் திருகால் வந்ததாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிரேக் ஆயில் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. அந்த ஆயிலில் ஓடும் பிரேக்குகளில் உள்ள ரப்பர் அதற்கென்றே செய்தது. ஜாக்கியில் இருக்கும் சீல்கள் பெட்ரோலிய எண்ணெய்க்குச் செய்தவை. பிரேக் ஆயில் பட்டால் அவை ஊதி, மெத்தென்றாகி, சீக்கிரமே கிழியும். ஊற்றிய அன்று நன்றாகத்தான் வேலை செய்யும், அதுதான் இதில் சிக்கல். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை, சீல் செட்டையே மாற்ற வேண்டும். எஞ்சின் ஆயில் சீலைக் கெடுக்காது. ஆனால் தடிமன் அதிகம், தூசியைத் தனக்குள்ளேயே மிதக்கவிடும். ஜாக்கிக்கு வேண்டியது ஹைட்ராலிக் ஆயில், பொதுவாக 15 முதல் 32 கிரேடு வரை. உங்கள் மாடலுக்கு எது என்று கூட வந்த தாளில் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலுக்கு 32 பழுதில்லை. மண்ணெண்ணெய், டீசல் விட்டு அலசுவதும் வேண்டாம்.

சரி, இனி பழுதுக்கு வருவோம்.

முதலில் எடைக் கணக்கு. 2018-இல் அச்சு எடை வரம்பை உயர்த்தியபின், பின்னால் நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு அனுமதி 11.5 டன், இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை 18.5 டன். (மில் வண்டிகள் இந்த வரம்புக்குள் ஓடுவதாகவே எடுத்துக்கொள்கிறேன்!) பின் அச்சின் ஒரு பக்கத்தில், பட்டாவுக்கு அருகே ஜாக்கி வைத்தால் ஏறக்குறைய பாதி, ஆறு டன்னுக்குள். இரண்டு பக்கத்தையும் ஒரே தூக்கில் தூக்க நடுவில் ஹவுசிங்குக்கு அடியில் வைத்தால் மொத்தம் 11.5 டன். நீங்கள் எங்கே வைக்கிறீர்கள் என்று எழுதவில்லை. நடுவில் என்றால் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; உருண்டையான அடிப்பாகத்தில் ஜாக்கியின் தலை சறுக்கும், வண்டி இரண்டு பக்கமும் ஆடும். எப்படி வைத்தாலும் 20 டன் ஜாக்கிக்கு இது பெரிய சுமை இல்லை. ஆக, ஜாக்கியின் திறன் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தத் திறன் முழுவதும் தண்டுக்கு வந்து சேரவில்லை. எந்த இடத்தில் தொலைகிறது என்பதைத்தான் தேட வேண்டும்.

இந்த வகை ஜாக்கியில் இரண்டு பாதிகள். ஒன்று காற்றுப் பாதி: அகலமான பிஸ்டன் ஒன்று காற்றில் முன்னும் பின்னும் ஓடி, தன் முனையில் உள்ள மெல்லிய கம்பியால் ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும். 'டக் டக் டக்' என்று கேட்கிறதே, அது இந்த பிஸ்டன்தான். இன்னொன்று ஆயில் பாதி: தொட்டி, உறிஞ்சும் வழியிலும் அனுப்பும் வழியிலும் இருக்கும் குண்டு வால்வுகள், ரிலீஸ் வால்வு (வண்டியை இறக்க நாம் திறப்பது), மேலே சொன்ன ரிலீஃப் வால்வு, தண்டும் அதன் சீலும். அகலமான பிஸ்டன் 70 மில்லி, மெல்லிய கம்பி 7 மில்லி என்றால் பரப்பு நூறுக்கு ஒன்று. காற்றின் அழுத்தம் ஆயிலில் நூறு மடங்காகும். இந்த அளவுகள் ஜாக்கிக்கு ஜாக்கி மாறும், ஆனால் ஒரு ஜாக்கிக்குள் அந்த விகிதம் மாறாது என்பதுதான் முக்கியம். அதனால் காற்று எவ்வளவு குறைகிறதோ அதே விகிதத்தில் தூக்கும் எடையும் குறையும். 120 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு)-யில் 20 டன் தூக்கும் ஜாக்கி 90-இல் தோராயமாக 15 டன், 60-இல் 10 டன்தான் தூக்கும். காலி வண்டிக்கு 60 தாராளம். லோடு வண்டியின் அச்சை நடுவில் வைத்துத் தூக்க அது போதாது. உங்கள் முதல் குறையைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

அதிலும் நீங்கள் மில் கம்ப்ரசர் என்றதும் சந்தேகம் கூடிவிட்டது. ரைஸ் மில்லில் கம்ப்ரசர் ஓடுவது பெரும்பாலும் கலர் சார்ட்டருக்காக, அதாவது நிறம் மாறிய அரிசியைப் பிரிக்கும் இயந்திரத்துக்காக. கம்ப்ரசர் டேங்கில் 8, 9 பார் இருந்தாலும், சார்ட்டருக்குப் போகும் லைனில் ரெகுலேட்டர் வைத்துக் குறைத்துத்தான் விட்டிருப்பார்கள். அந்த ரெகுலேட்டருக்குப் பிறகு கிளை எடுத்து ஜாக்கிக்கு மாட்டியிருந்தால், டேங்கில் இருக்கும் கேஜ் என்ன காட்டினாலும் ஜாக்கிக்கு அது வராது. சார்ட்டர் ஓடும் நேரத்தில் இன்னும் குறையும். ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ, நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஜாக்கிக்கு எடுக்கும் கிளை ரெகுலேட்டருக்கு முன்னால், டிரையரும் ஃபில்டரும் தாண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஜாக்கியின் தகட்டில் போட்டிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாமல் அதற்கென்று தனியாக ஒரு ரெகுலேட்டரும் வேண்டும்.

ஆனால் ஊகத்தை வைத்து ஸ்பேனரை எடுக்க வேண்டாம். ஜாக்கி நிற்கும் நேரத்தில் கேட்கும் சத்தத்தையும், ஜாக்கியின் வாயில் இருக்கும் காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பார்த்தால் எந்தப் பாதியில் பழுது என்று திறக்காமலே தெரிந்துவிடும். இதற்கு ஒரு டி-யும் (மூன்று வாய் உள்ள இணைப்பு) ஒரு பிரஷர் கேஜும் போதும். காரைக்குடியில் ஹார்டுவேர் கடைகளிலேயே கிடைக்கும். ஜாக்கிக்குள் காற்று நுழையும் இடத்தை ஒட்டி டி போட்டு கேஜை மாட்டுங்கள்.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். வண்டி சமமான சிமெண்டுத் தரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தூக்கப்போகும் சக்கரத்தில் டயர் போல்ட்டோடு அப்படியே இருக்க வேண்டும்; அதைக் கழற்றாதீர்கள். டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்பும் அளவுக்கு மேல் தூக்கத் தேவையில்லை. அப்போது ஜாக்கி விட்டாலும் வண்டி தன் டயரிலேயே உட்காரும். அச்சுக்கு அடியில் ஒரு ஸ்டாண்டையும் இடைவெளி குறைவாக வைத்துவிடுங்கள். கேஜைப் பார்க்க வண்டிக்கு அடியில் தலையை விட வேண்டாம். ஹோஸின் நீளத்துக்கு விலகி நின்று, தூரத்திலிருந்தே தெரியும்படி அதைத் திருப்பி வையுங்கள். கிளீனர் பையன்கள் குனிந்து பார்க்க வருவார்கள், அவர்களை முதலில் அந்தப் பக்கம் அனுப்புங்கள்.

இப்போது காற்றைத் திறக்கும் விசையை அழுத்தித் தூக்குங்கள். பாதியில் நிற்கும்போது என்ன கேட்கிறது?

சத்தமே இல்லை, டக் டக் நின்றுவிட்டது, கேஜ் 60, 70-இல் இருக்கிறது என்றால் மேலே சொன்ன காற்றுக் குறைவுதான். ஜாக்கியில் ஒன்றும் இல்லை. ரெகுலேட்டர், கிளை எடுத்த இடம், கப்ளிங்கில் கசிவு, இவற்றைப் பாருங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஹோஸ் மெல்லியது, நீளமானது என்பதற்காக ஜாக்கி பலம் இழக்காது. மெல்லிய ஹோஸில் காற்று மெதுவாக வரும், அதனால் ஜாக்கி மெதுவாகத் தூக்கும். பிஸ்டன் முட்டி நின்றுவிட்டால் காற்று ஓட்டமே இல்லாததால் ஹோஸின் மறுமுனையில் இருக்கும் அழுத்தம் இந்த முனையிலும் வந்துவிடும். பஞ்சர் கடைச் சுருள் ஹோஸை மாற்றி 10 மில்லி உள்விட்ட ஹோஸ் போட்டால் வேகம் கூடும், நிற்கும் பழுது போகாது. 'மெதுவாகத் தூக்குகிறது' என்பதும் 'தூக்காமல் நிற்கிறது' என்பதும் வேறு வேறு வியாதி. பட்டறையில் இரண்டையும் ஒன்றாகப் பேசித்தான் வீணாக ஹோஸ் வாங்குகிறார்கள்.

டக் டக் நின்று, 'உஸ்' என்று காற்று மட்டும் போய்க்கொண்டே இருந்தால் காற்றுப் பாதியில் ஏதோ ஒரு சீல் ஒத்துழைக்கவில்லை. வெளியே போகும் துவாரத்தில் காற்று வந்தால் பிஸ்டன் சீல். விசையின் அடியில் வந்தால் விசை வால்வு. மில் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: வெளியேறும் துவாரத்தில் ஒரு சைலன்சர் இருக்கும். தவிட்டுத் தூசியும் செம்மண்ணும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் பிஸ்டன் திரும்பி வர முடியாமல் திணறும். கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினாலே சில ஜாக்கிகள் பிழைத்துக்கொள்ளும்.

மூன்றாவது வகைதான் கவனிக்க வேண்டியது. டக் டக் என்று உற்சாகமாக ஓடிக்கொண்டே இருக்கிறது, கேஜிலும் 110, 120 காட்டுகிறது, தண்டு மட்டும் மேலே வரவில்லை. காற்றுப் பாதி தன் வேலையைச் செய்துவிட்டது. தள்ளிய ஆயில் தண்டுக்குப் போகாமல் எங்கோ வழுக்கித் தொட்டிக்கே திரும்புகிறது, அல்லது பம்புக்கு ஆயிலே வரவில்லை. உங்கள் இரண்டாவது குறை, தூக்கிய பிறகு மெல்ல இறங்குவது, இதோடு சேர்ந்து இருந்தால் இரண்டும் ஒரே பழுது என்று கொள்ளலாம்: ரிலீஸ் வால்வு முழுதாக அடையவில்லை. முதல் வகைச் சத்தம் கேட்டு, கூடவே இறக்கமும் இருந்தால் இரண்டு தனித்தனிப் பழுது. காற்றைச் சரிசெய்தபின்னும் இறக்கம் இருக்கும். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

கேஜ் இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. காற்றை எடுத்துவிட்டு, கை நெம்புகோலால் அதே வண்டியைத் தூக்கிப் பாருங்கள். இந்த வகை ஜாக்கிகளில் கைப்பம்பும் காற்றுப் பம்பும் தனித்தனியாக இருந்தாலும், இரண்டும் ஆயிலை அனுப்புவது ஒரே தண்டுக்குத்தான். கையால் அடித்தால் தூக்குகிறது, நிற்கவும் செய்கிறது என்றால் தண்டு, சீல், ரிலீஸ் வால்வு எல்லாம் நலம். காற்றுப் பக்கம் போங்கள். கையாலும் தூக்கவில்லை என்றால் ஆயில் பக்கம். கையால் அடிக்கும்போது நெம்புகோலை விட்டதும் அது தானாக மேலே எழும்புகிறதா என்றும் பாருங்கள். எழும்பினால் அனுப்பும் வழியில் உள்ள குண்டு சரியாக உட்காரவில்லை, சுமையின் அழுத்தம் பின்னோக்கி வருகிறது.

ஆயில் பக்கம்தான் என்று முடிவானால், வண்டியை இறக்கி, ஜாக்கியை வெளியே எடுத்து, காற்று ஹோஸைக் கழற்றி, விசையை ஒருமுறை அழுத்தி மிச்சக் காற்றையும் வெளியேற்றிய பிறகுதான் எதையும் திறக்க வேண்டும். சுமை இருக்கும்போது ஆயில் மூடியையோ எந்தத் திருகையோ தொடக் கூடாது.

முதலில் ஆயில் மட்டம். தண்டு முழுதாகக் கீழே இருக்க வேண்டும், ஜாக்கி நேராக நிற்க வேண்டும். பெரும்பாலானவற்றில் மூடித் துவாரத்தின் கீழ் விளிம்பு வரை ஆயில் இருந்தால் சரி. தண்டு உயர்ந்திருக்கும்போது மட்டம் பார்த்து நிரப்பிவிட்டால், இறங்கும்போது திரும்பும் ஆயிலுக்கு இடமில்லாமல் மூடி வழியாகப் பீய்ச்சும், தண்டும் முழுதாக இறங்காது. ஆயிலின் நிறத்தையும் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கறுத்துப்போய் அடியில் வண்டல் இருந்தால் பழையது. இரண்டுக்கும் முழுதாக வடித்துப் புது ஆயில். பாதி வடித்துப் பாதி ஊற்றுவதில் பலன் இல்லை.

அடுத்தது உள்ளே காற்று அடைத்திருப்பது. லாரியின் டூல் பாக்ஸில் ஜாக்கியைப் படுக்கவைத்துக் கொண்டுபோனால் ஆயில் சாய்ந்து, பம்பின் உறிஞ்சும் வழியில் காற்று புகும். பிறகு தூக்கும்போது மெத்து மெத்தென்று ஏறும், கொஞ்சம் ஏறி நிற்கும். இதற்குச் சுமை எதுவும் இல்லாமல் ரிலீஸ் வால்வைத் திறந்து வைத்து, விசையை 10, 15 விநாடி அழுத்தி ஓட்டுங்கள். வால்வை மூடி, தண்டை முழு உயரம் ஏற்றி, இறக்கி, மறுபடி அதையே செய்யுங்கள். சில சுற்றுகளில் சத்தம் கனமாக மாறும், தண்டு விட்டுவிட்டு ஏறாமல் சீராக ஏறும். ஆயில் மட்டத்தை மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் குறைந்திருக்கும்.

இப்போது இறக்கம். தண்டு மேலே வரும் இடத்தைச் சுற்றி ஆயில் ஈரம் இருந்தால் தண்டின் சீல் தேய்ந்திருக்கிறது. வெளியே ஒரு சொட்டுகூட இல்லாமல் இறங்குகிறதென்றால் ஆயில் உள்ளுக்குள்ளேயே திரும்புகிறது. அப்போது முதல் சந்தேகம் ரிலீஸ் வால்வின் குண்டு உட்காரும் இருக்கை. ஒரு மணல் துகள் போதும், குண்டு சரியாக உட்காராது. மேலே சொன்னபடி வால்வைத் திறந்து ஓட்டி, பழைய ஆயிலை வடித்துப் புதிதாக ஊற்றினால் துகள் அலசிக்கொண்டு போய்விட வாய்ப்பு உண்டு. போகவில்லை என்றால் வால்வைக் கழற்றிக் குண்டையும் இருக்கையையும் பார்க்க வேண்டும். அது ஹைட்ராலிக் வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது. திறக்கும்போது சின்னக் குண்டு ஒன்று துள்ளிப் போய்க் காணாமல் போனால் ஜாக்கியே முடிந்தது. இருக்கை தேய்வதற்குப் பெரிய காரணம் நம் ஆட்களின் கைப்பலம். 'இறங்குகிறதா, இன்னும் இறுக்கு' என்று குழாயை மாட்டி முறுக்குகிறார்கள். கூடவே வந்த கைப்பிடியால் கைக்கு அடங்கும் அளவு இறுக்கினால் போதும். அதற்கும் மேல் முறுக்கினால் குண்டு இருக்கையில் பள்ளம் போடும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் அடையாது. இறக்கும்போதும் அப்படித்தான்: கொஞ்சமாகத் திறந்து, வண்டி மெதுவாக வருகிறதா என்று பார்த்துத் திறங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்து, கேஜில் முழு அழுத்தமும் இருந்து, இன்னும் டக் டக் என்று ஓடியும் தூக்கவில்லை என்றால்தான் ரிலீஃப் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அதிலும் பழுது பெரும்பாலும் அழுக்கு, அல்லது தளர்ந்த ஸ்பிரிங். சர்வீஸ் சென்டரில் கேஜ் வைத்து அளந்து அமைக்க வேண்டியது அது. உங்கள் மெக்கானிக் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் வரிசையில் கடைசியாக இருப்பதை முதலில் தொடச் சொல்லிவிட்டார்.

கசிவு தேடும்போது ஒன்று. விரலால் தடவித் தேடாதீர்கள், கையுறை போட்டிருந்தாலும். இந்த அழுத்தத்தில் ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிக்கவும் செய்யாது. உள்ளே தசை அழுகி விரலையே எடுக்க நேரும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள், ஈரம் எங்கே படுகிறதென்று தெரியும். தப்பித் தவறி யாருக்காவது பட்டுவிட்டால், சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டாமல் அப்போதே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும்.

தூக்கிய வண்டி இறங்கவே மாட்டேன் என்று நின்றால் சுத்தியலால் தட்டுவது, வால்வை முழுதாகக் கழற்றுவது இரண்டும் வேண்டாம். பக்கத்தில் இன்னொரு ஜாக்கி வைத்து எடையை அதற்கு மாற்றி, ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு, இதை வெளியே எடுத்துப் பாருங்கள். தண்டு வளைந்திருந்தால் அந்த ஜாக்கியை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

தண்டு வளைவது எப்படி? பெரும்பாலும் தரைதான் காரணம். தேவகோட்டைச் சாலையிலோ திருமயம் பக்கமோ வழியில் டயர் வெடித்து, செம்மண் ஓரத்தில் வண்டியை ஒதுக்கி ஜாக்கி போடும் நிலை உங்களுக்கும் வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் மேலே காய்ந்தமாதிரி தெரியும், உள்ளே களி. ஜாக்கியின் அடித்தட்டு 15-க்கு 15 சென்டிமீட்டர் என்றால் ஆறு டன்னுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 27 கிலோ வருகிறது. கனமான மரப்பலகை 45-க்கு 45 கொடுத்தால் அது மூன்று கிலோவாகக் குறையும். சித்திரை வெயிலில் தார் இளகும் சாலையிலும் பலகை வேண்டும். ஒரு பக்கம் அமுங்கினால் ஜாக்கி சாயும், சுமை பக்கவாட்டில் தள்ளும், தண்டு வளையும், சீல் ஒரு பக்கமாகத் தேயும். அடுத்த மாதம் 'ஜாக்கி இறங்குகிறது' என்று வந்து நிற்போம்.

அதேபோல ஸ்டாண்டுக்குப் பதில் செம்புராங்கல்லை அடுக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. சுவர் கட்ட அது அருமையான கல். இந்த ஊர்ப் பக்கம் எத்தனை மதிலைத் தாங்கி நிற்கிறது. ஆனால் சுவரில் எடை சமமாகப் பரவி இறங்கும்; லாரி அச்சின் எடை ஒரு விளிம்பில் இறங்கும். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும் அந்தக் கல் சத்தம் காட்டாமல் நொறுங்கும். செங்கல், ஹாலோ பிளாக் எல்லாவற்றுக்கும் இதேதான். எடை போட்டுச் செய்த இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்கி வையுங்கள். 'டயர் மாற்றப் பத்து நிமிஷம்தானே' என்று ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகிறவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை, வேலையை நிறுத்திவிடுவேன். உங்கள் ஜாக்கிதான் அரை மணியில் ஒரு விரல் இறங்குகிறதே, அது என்றைக்கு ஒரே நொடியில் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? சரிசெய்யும்வரை டயர் வேலைக்குக்கூட அதை எடுக்க வேண்டாம். சரியான பிறகும் ஸ்டாண்டு வேண்டும்.

பராமரிப்பில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்ரசர் டேங்கின் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். மழைக்காலத்தில் எவ்வளவு வருகிறதென்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், அத்தனையும் துருவாக ஜாக்கிக்குள் போக வேண்டியது. மாட்டுவதற்கு முன் காற்று வாயில் இரண்டு மூன்று சொட்டு ஏர் டூல் ஆயில் விடுங்கள். ஆனால் மில் லைனில் காற்றோடு எண்ணெய் கலந்துவிடும் லூப்ரிகேட்டர் மாட்டிவிடாதீர்கள். அந்த எண்ணெய்ப் புகை சார்ட்டருக்கும் போகும், அரிசியிலும் படும். ஜாக்கிக்கு என்றால் கையால் சொட்டு விடுவதே நல்லது. வேலை முடிந்ததும் தண்டை முழுதாக இறக்கி, துடைத்து, நேராக நிறுத்தி வையுங்கள்.

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது: கேஜை மாட்டி, மேலே சொன்ன பாதுகாப்போடு ஒருமுறை ஓட்டி, நிற்கும்போது கேஜ் என்ன காட்டுகிறது, எந்தச் சத்தம் கேட்கிறது, கை நெம்புகோலால் அடித்தால் என்ன ஆகிறது, தண்டைச் சுற்றி ஈரம் உண்டா, ஜாக்கியை அச்சில் எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். சார்ட்டர் ஓடும்போது ஒருமுறை, நிறுத்திவிட்டு ஒருமுறை கேஜைப் பார்த்து இரண்டு எண்ணையும் சொல்லுங்கள். சீல் செட் வாங்க வேண்டுமா, ரெகுலேட்டரை மாற்றினாலே போதுமா என்பதை அதற்குப் பிறகு சொல்கிறேன். அதுவரை எதற்கும் காசு கொடுக்க வேண்டாம்.